பெடல் கல்லாக இருக்கிறது, கார் நிற்கவில்லை: ஒரு மொறிஸ் மைனரின் பிறேக்

கேள்வி: என்னிடம் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கிய கார். அண்மையில் அதன் பிறேக் முழுவதையும் ஒரு கராஜில் ஓவரோல் செய்வித்தேன். பாக் பிளேட்டுகளை (பிறேக்கின் பாகங்களைத் தாங்கும் தட்டுகளை) கழற்றித் துரு நீக்கி வர்ணம் பூசினார்கள். நான்கு சில்லுகளுக்கும் புதிய வீல் சிலிண்டர், பெடலின் பலத்தை ஒயில் அழுத்தமாக்கும் மாஸ்ரர் சிலிண்டருக்குப் புதிய ரப்பர்கள், புதிய ஹோஸ் எல்லாம் போட்டார்கள். சில்லோடு சுழலும் ட்ரம்களை லேத்தில் கடைந்து, அவற்றை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூக்களுக்குப் புதிய லைனர் (உராயும் பட்டை) ஒட்டினார்கள். இப்போது பெடல் உயரத்திலேயே கல்லாக நிற்கிறது. ஆனால் முழுப் பலத்தையும் கொடுத்து மிதித்தாலும் கார் மெதுவாகத்தான் நிற்கிறது. எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. முதல் நாள் கோப்பாயிலிருந்து சாவகச்சேரிக்குப் போனபோது சில்லுகள் சூடேறிக் கருகிய மணமும் வந்தது. மெக்கானிக் பிறேக் குழாய்களிலிருந்து பலமுறை எயார் எடுத்துவிட்டார். இனிக் காலின் பலத்தைப் பெருக்கும் சேர்வோ ஒன்று போடலாம் என்கிறார். சித்திரை விடுமுறைக்குக் குடும்பத்துடன் நுவரெலியா போக எண்ணியிருக்கிறோம். பழைய காரின் பிறேக் இவ்வளவுதானா? ஒரேயொரு ஆறுதல், கொட்டிலுக்குள் ரிவேர்ஸ் எடுக்கும்போது மட்டும் தொட்டவுடன் நிற்கிறது. – வாசகர், கோப்பாய்

பதில்: ஆறுதலுக்காக நீங்கள் கடைசியில் எழுதிய அந்த வரியையே நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மொறிஸ் மைனர் ரிவேர்ஸில் நன்றாகவும் முன்னோக்கி ஓடும்போது மோசமாகவும் நிற்கவே கூடாது. அந்தக் காரின் முன் பிறேக் அமைக்கப்பட்டிருக்கும் முறைப்படி இது நேர்மாறாகத்தான் இருக்க வேண்டும். பாக் பிளேட்டுகளைக் கழற்றி வர்ணம் பூசியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, முன் சில்லுகளின் பாக் பிளேட்டுகள், அவற்றில் பூட்டிய சிலிண்டர்களோடு, இடம் வலமாக மாறிப் பூட்டப்பட்டிருக்கின்றன என்பதே என் முதற் சந்தேகம். காரை நேரில் காணாமல் இதை முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் முன் சில்லையும் ட்ரம்மையும் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் கண்ணாலேயே தெரிந்துவிடும். அதைப் பார்க்கும்வரை சேர்வோவுக்குப் பணம் கொடுக்க வேண்டாம், எயார் எடுப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள், ஊருக்குள்ளும் அந்தக் காரை ஓட்ட வேண்டாம்.

எயார் எடுப்பதை ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்றால், பிறேக்கின் பழுதைக் காலே பெரும்பாலும் சொல்லிவிடும். பெடல் ஆழமாக இறங்கி, இரண்டாம் முறை மிதிக்கும்போது உயரத்தில் பிடித்தால், ஷூக்கள் ட்ரம்மிலிருந்து விலகி நிற்கின்றன. அட்ஜஸ்ற் செய்ய வேண்டும். மிதிக்கும்போது பெடல் மெத்தென்று அமுங்கினால் குழாய்களில் காற்று இருக்கிறது, அல்லது லைனரின் இரு நுனிகள் மட்டும் ட்ரம்மில் பட்டு ஷூ வளைந்துகொடுக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால், எங்கோ பிறேக் ஒயில் கசிகிறது, இல்லையேல் மாஸ்ரர் சிலிண்டரின் ரப்பர் உள்ளே வழிவிடுகிறது. உங்கள் பெடல் இவை எதையும் செய்யவில்லை. உயரத்தில் நின்று கல்லாக இருக்கும் பெடல், குழாய்க்குள் காற்று இல்லை என்பதையும் ஒயிலில் அழுத்தம் ஏறுகிறது என்பதையும் சொல்கிறது. அந்த அழுத்தம் ட்ரம்மில் உராய்வாக மாறவில்லை என்பதுதான் உங்கள் பிரச்சினை. இந்த நிலையில் இன்னும் எத்தனை போத்தல் ஒயிலை ஊற்றி எயார் எடுத்தாலும் ஒயில்தான் செலவாகும்.

மைனரின் முன் பிறேக்கில் ஒவ்வொரு சில்லுக்கும் இரண்டு வீல் சிலிண்டர்கள் உண்டு. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிஸ்ரன். அது ஒரு ஷூவின் ஒரு நுனியைத் தள்ளுகிறது. அந்த ஷூவின் மறு நுனி, எதிரேயுள்ள மற்றச் சிலிண்டரின் மூடிய முதுகில் சாய்ந்து நிற்கிறது. பிஸ்ரன் தள்ளும் திசையும் ட்ரம் சுழலும் திசையும் ஒன்றாக இருந்தால், ட்ரம் அந்த ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கமாகத் தன்மேல் பதித்துக்கொள்ளும். கதவுக்கடியில் செருகிய ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுவதைப் போன்றது இது. இத்தகைய ஷூவை லீடிங் ஷூ என்பார்கள். திசை மாறினால் ட்ரம் அதே ஷூவைத் தன்னிடமிருந்து தள்ளிவிடப் பார்க்கும். அப்போது அது ட்ரெயிலிங் ஷூ. காலின் பலம் ஒன்றாகவே இருந்தாலும், லைனரின் உராய்வைப் பொறுத்து லீடிங் ஷூ மற்றதைவிட இரண்டு மூன்று மடங்கு வேலை செய்யும். மைனரின் முன் சில்லுகளில் இரண்டு ஷூக்களுமே லீடிங்காக இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால்தான் சேர்வோ எதுவுமில்லாமல், 7 அங்குல ட்ரம்மோடு, முக்கால் தொன் எடையுள்ள காரை ஒரு சாதாரண மனிதரின் காலால் நிறுத்த முடிகிறது.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை, ரிவேர்ஸில் அந்த இரண்டு ஷூக்களும் ட்ரெயிலிங்காக மாறிவிடுவது. பின் சில்லுகளில் ஒரு ஷூ லீடிங், மற்றது ட்ரெயிலிங். எந்தத் திசையில் ஓடினாலும் அவை ஒரே அளவாகவே பிடிக்கும். ஆகவே சரியாகப் பூட்டிய மைனர் ரிவேர்ஸில் சற்றுச் சோம்பலாகத்தான் நிற்கும். உங்கள் கார் தொட்டவுடன் நிற்கிறது என்றால், முன் ஷூக்கள் ரிவேர்ஸுக்கு லீடிங்காகவும் வீதியில் ஓடும்போது ட்ரெயிலிங்காகவும் வேலை செய்கின்றன. கார் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை என்று நீங்கள் எழுதியதும் இதற்குப் பொருந்துகிறது. ஒரு பக்கம் மட்டும் பிழையாகப் பூட்டியிருந்தால், சரியாக இருக்கும் பக்கத்துக்குக் கார் வெடுக்கென்று இழுத்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிழையாக இருப்பதால் நேராக, ஆனால் பலமில்லாமல் நிற்கிறது.

முதலில் ஒரு சிறு சோதனை. ஆளரவமற்ற சமதரை மைதானம் ஒன்றில், நடக்கும் வேகத்தில் முன்னோக்கி ஓட்டி, அளவான பலத்தில் பிறேக்கை மிதியுங்கள். பிறகு அதே வேகத்தில், அதே பலத்தில் ரிவேர்ஸில் செய்யுங்கள். வித்தியாசம் கொட்டில் வாசலின் மண்ணாலோ சரிவாலோ வந்ததா, உண்மையிலேயே பிறேக்கினுடையதா என்பது அப்போது தெரியும். பின்பு முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, முன் சில்லையும் ட்ரம்மையும் கழற்றுங்கள். காரின் இடதுபுறத்தில் நின்று இடது முன் சில்லைப் பார்த்தால், கார் முன்னோக்கி ஓடும்போது அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். வலதுபுறத்தில் நின்று வலது சில்லைப் பார்த்தால், முள் சுழலும் திசையில். இப்போது சிலிண்டர்களைப் பாருங்கள். ரப்பர் உறையிட்ட பிஸ்ரன் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் ட்ரம்மும் சுழல வேண்டும். இடது சில்லில் இரண்டு பிஸ்ரன்களும் எதிர்முள் திசையைப் பார்த்தால் சரி. முள் திசையைப் பார்த்தால் அந்தத் தட்டு வலது பக்கத்துக்குரியது.

அப்படியானால் இரண்டு பாக் பிளேட்டுகளையும் அவற்றின் சிலிண்டர்களோடு பக்கம் மாற்றிப் பூட்டினால் போதும்; புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பிளேட்டுகள் தத்தம் பக்கத்தில் இருந்து, சிலிண்டர்கள் மட்டும் மாறிப் பூட்டப்பட்டிருக்கவும் இடமுண்டு. அதனால் தட்டை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காமல், பிஸ்ரன் எங்கே பார்க்கிறது என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பூட்டிய பின், இரண்டு சிலிண்டர்களையும் இணைக்கும் சிறு குழாய் நசுங்காமலும், ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமலும், சில்லை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது அது ரயரில் உரசாமலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எயார் எடுப்பதற்கான முறையான நேரம் அப்போதுதான் வருகிறது.

இனிக் கருகிய மணம். பாக் பிளேட் மாறியதால் அந்த மணம் வராது. ஷூக்கள் ட்ரம்மை விடாமல் உரசிக்கொண்டே ஓடியிருக்கின்றன. புதிய லைனரை முதல் நாளிலேயே அப்படிச் சூடாக்கினால் அதன் மேற்பரப்பு இறுகிக் கண்ணாடிபோல மினுங்கத் தொடங்கும். மினுங்கும் லைனர் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். ஆகவே உங்கள் காரில் இரண்டு பழுதுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். முதலாவதைத் திருத்திவிட்டு இரண்டாவதை விட்டால், கார் கொஞ்சம் நன்றாகி, 'பழைய கார்தானே' என்ற சமாதானத்தோடு அந்த நிலையிலேயே தங்கிவிடும். அது நல்லதல்ல.

ஷூ உரசுவதற்குக் காரணம் ஒயில் அழுத்தமா, பொருத்திய முறையா என்று பிரித்தறிவது எளிது. கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு வந்து சில்லை உயர்த்திக் கையால் சுழற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் அந்தச் சில்லின் எயார் எடுக்கும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்துங்கள். ஒயில் பீறிட்டு, சில்லு உடனே விட்டுக்கொடுத்தால், திரும்பிப் போக வழியில்லாத அழுத்தம் குழாயில் தங்கியிருந்தது. அப்படியும் விட்டுக்கொடுக்காவிட்டால் அட்ஜஸ்ரரை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள், ஷூவின் ஸ்பிரிங் பிழையான துளையில் மாட்டியிருக்கிறது, அல்லது பின் சில்லானால் ஹான்ட் பிறேக் கேபிளை முதலில் இறுக்கிவிட்டுப் பிறகு ஷூவை அட்ஜஸ்ற் செய்திருக்கிறார்கள். கேபிள் முற்றிலும் தளர்ந்திருக்கும்போதுதான் பின் ஷூக்களை அட்ஜஸ்ற் செய்ய வேண்டும். பலர் இந்த ஒழுங்கைக் கவனிப்பதில்லை.

அழுத்தம் தங்கியிருந்தால் மாஸ்ரர் சிலிண்டரிடம் போக வேண்டும். மைனரில் அது சாரதியின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. அருகில் ரோர்ஷன் பார் (முன் சஸ்பென்ஷனின் முறுக்குத் தண்டு) போவதால் அதன் போல்ட்டைக் கழற்றுவதே ஒரு தண்டனை. அதனால் பலர் அதைக் காரிலேயே வைத்துக்கொண்டு அவசரமாக ரப்பர் மாற்றிவிடுகிறார்கள். பெடலுக்கும் பிஸ்ரனுக்கும் இடையிலுள்ள தள்ளுகோல், பெடல் ஓய்வில் இருக்கும்போது பிஸ்ரனைத் தொடக் கூடாது, ஏறக்குறைய 0.8 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால், முதன்மை ரப்பர் முழுவதும் பின்னுக்கு வராமல், ஒயில் தாங்கிக்குத் திரும்பும் ஊசித்துளையை மூடிக்கொண்டு நிற்கும். ஓட்டத்தில் சூடாகி விரியும் ஒயிலுக்குப் போக இடமில்லாமல் பிறேக் தானாகவே இறுகத் தொடங்கும். பெடலை விரலால் அழுத்திப் பார்த்தால், பலமில்லாமல் சற்று அசைந்த பின்னரே எதிர்ப்பு வர வேண்டும். இந்த அமைப்பில் சிறு அளவு அழுத்தத்தைக் குழாயில் வேண்டுமென்றே தங்கவைக்கும் வால்வு ஒன்றும் உண்டு. ஆகவே நிப்பிளைத் தளர்த்தும்போது ஒரு துளி வடிவதைக் கண்டு பயப்பட வேண்டாம், பீறிடுவதே குற்றம்.

அதே துளை அடைபட இன்னொரு காரணமும் உண்டு. அது நம் ஊர் கராஜ்களில் மிகச் சாதாரணமானது. கழற்றிய எதையும் மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கத்தைச் சொல்கிறேன். 1990களில் பெற்றோல் கிடைக்காமல் இந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் கைத்திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிறேக் ரப்பருக்கு மண்ணெண்ணெய், பெற்றோல், என்ஜின் ஒயில், கிறீஸ் எல்லாமே நஞ்சு. பட்ட ரப்பர் ஊதிப் பருத்து, துளையை மூடி, பிஸ்ரனையும் திரும்பவிடாது. சிலிண்டர்களையும் ரப்பர்களையும் சுத்தமான பிறேக் ஒயிலால் அல்லது மெதிலேற்றட் ஸ்பிரிட்டால் மட்டுமே கழுவ வேண்டும். எப்படிக் கழுவினார்கள் என்று மெக்கானிக்கிடம் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெய் என்றால், புதியவையாக இருந்தாலும் அந்த ரப்பர்களை மாற்றிவிடுங்கள்.

இனி லைனரும் ட்ரம்மும். கடிதத்தில் ஒரே வசனத்தில் கடந்து போயிருக்கிறீர்கள்; உண்மையில் ஓவரோல் முடிந்த பிறகு வரும் பிறேக் குறைகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ட்ரம்மைக் கடைந்தால் அதன் உள்விட்டம் பெரிதாகும். ஷூவில் ஒட்டிய லைனரோ பழைய 7 அங்குல வட்டத்துக்கே வளைந்திருக்கும். ட்ரம்மின் விட்டத்தை 1.5 மில்லிமீற்றர் பெருக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்; பொதுவாக ஏற்கப்படும் உச்ச எல்லை அதுதான். அப்போது லைனரின் நடுப்பகுதி ட்ரம்மைத் தொடும்போது அதன் இரு நுனிகளிலும் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். எழுதும் கடதாசி மூன்று தாளின் தடிப்புத்தான் அது. ஆனால் அந்த அளவே போதும், லைனரின் நடுவில் ஒரு பட்டை மட்டும் வேலை செய்து, முழுச் சூட்டையும் தாங்கி, மினுங்கிப் போவதற்கு. ட்ரம்மில் அதைவிடக் கூடுதலாக உலோகத்தை எடுத்திருந்தால் ட்ரம்மையே மாற்ற வேண்டும். 7 அங்குலம் என்பது 177.8 மில்லிமீற்றர், உங்கள் ட்ரம்மின் உள்விட்டம் 179.3 மில்லிமீற்றரைத் தாண்டியிருந்தால் நான் அதை வீதியில் ஓடவிட மாட்டேன்.

இதைப் பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பள்ளிக்கூடத்துச் சோக்குக் கட்டி ஒன்றால் ட்ரம்மின் உட்புறத்தைத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். ட்ரம்மைப் பூட்டி, ஒருவர் பெடலை மிக மெல்ல அழுத்தியிருக்க, ட்ரம்மைக் கையால் ஒன்றிரண்டு சுற்றுச் சுழற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் லைனர் எங்கே தொடுகிறது என்பது வெள்ளையாகப் பதிந்திருக்கும். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் வெள்ளை இருந்தால் மேலே சொன்ன குறைதான். நுனிகளில் மட்டும் இருந்தால் லைனரின் வட்டம் ட்ரம்மைவிடப் பெரியது. அப்படியானால் பெடல் மெத்தென்று இருந்திருக்கும் என்பதால் உங்கள் காரில் அதற்கு வாய்ப்புக் குறைவு. ஒரு ஓரம் மட்டும் வெள்ளையானால் ஷூ சரிந்து நிற்கிறது, அல்லது ட்ரம்மைக் கூம்பாகக் கடைந்திருக்கிறார்கள். லைனரின் முக்கால் பங்காவது பரவலாக வெள்ளை பிடிப்பதுதான் திருப்தியான நிலை. அதற்கு, ஷூக்களை அந்தந்த ட்ரம்மின் அளவுக்கு லேத்தில் கடைவிக்கலாம். அந்த வசதி இல்லாவிட்டால், சொரசொரப்பான சாண்ட் பேப்பரை ட்ரம்மின் உட்சுவரில் ஒட்டி, அதில் ஷூவைப் பொறுமையாகத் தேய்த்து வட்டத்துக்குக் கொண்டுவரலாம். எந்த ஷூ எந்தச் சில்லுக்குரியது என்று முதலிலேயே அடையாளமிட்டுக்கொள்ளுங்கள். மினுக்கம் மேலோட்டமாக இருந்தால் இந்தத் தேய்ப்பிலேயே போய்விடும். ஒயிலோ கிறீஸோ ஊறியிருந்தால் எதுவும் பலிக்காது; லைனரை மாற்ற வேண்டும். தேய்க்கும்போது முகமூடி அணியுங்கள், தூசியை வாயாலோ எயார் பைப்பாலோ ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பழைய கையிருப்பு லைனர்களில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும்.

லைனரின் தன்மையும் முக்கியம். விற்பனைக்கு வரும் பல லைனர்களின் ஓரத்தில் தயாரிப்பாளரின் குறிகளோடு இரண்டு ஆங்கில எழுத்துகள் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருக்கும். முதலெழுத்து சாதாரண வெப்பத்தில் அதன் உராய்வையும், இரண்டாவது கடுஞ்சூட்டில் உள்ள உராய்வையும் குறிக்கும். 'எஃப்' என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45 வரை, 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'டீ' என்றால் அதற்கும் கீழே. லொறிக்கென்று வந்த தடித்த லைனரை வெட்டிச் சிறு காரின் ஷூவில் ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது நெடுநாள் தேயாமல் இருக்கும் என்பது உண்மைதான். உங்கள் காரை நிறுத்தாது என்பதும் உண்மை. சேர்வோ இல்லாத மைனருக்கு மிருதுவான, நல்ல உராய்வுள்ள லைனர் வேண்டும். லீடிங் ஷூவின் இழுவிசை உராய்விலிருந்தே பிறப்பதால், உராய்வு சற்றுக் குறைந்தாலும் பிறேக்கின் பலம் அதைவிடப் பெரிய விகிதத்தில் குறைந்துவிடும்.

மற்றவை சிறியவை, ஆனாலும் காரை உயர்த்தியிருக்கும்போதே பார்த்துவிடலாம். ஒவ்வொரு நிப்பிளையும் திறந்து பெடலை மெல்ல மிதிக்கும்போது ஒயில் தாராளமாக வர வேண்டும். ஒன்றில் மட்டும் சொட்டினால் அந்தப் பக்கத்து ஹோஸோ குழாயோ அடைபட்டிருக்கிறது. புதிய ஹோஸ் என்பதால் அதைச் சந்தேகிக்காமல் விட வேண்டாம். பெடலின் அச்சுக்குப் புதிய புஷ் போட்டிருந்தால், அது இறுக்கமாக இருப்பதே காலுக்குக் கல்லாகத் தோன்றலாம். தள்ளுகோலைக் கழற்றிவிட்டுப் பெடலைக் கையால் ஆட்டினால் தெரியும். மாஸ்ரர் சிலிண்டருக்கு ரப்பர் மட்டும் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். முன்பே யாராவது வேறு வாகனத்தின் சிலிண்டரைப் பொருத்தியிருந்தால் அதன் உள்விட்டத்தையும் அளந்துவிடுங்கள்: மைனருக்கு அது 7/8 அங்குலம். 1 அங்குலச் சிலிண்டரைப் போட்டால் பெடல் இன்னும் உயரத்தில் நிற்கும். ஆனால் அதே காலுக்கு அழுத்தம் கால் பங்களவு குறைந்துவிடும்.

எல்லாம் சரியான பின் முன் சில்லொன்றுக்கு இரண்டு அட்ஜஸ்ரர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஒன்றைத் திருப்பிவிட்டு மற்றதை விட்டுவிடுவது வழக்கமான கவனக்குறைவு. ஒவ்வொன்றையும் சில்லு இறுகும்வரை திருப்பி, அது தடையின்றிச் சுழலுமளவுக்கு ஓரிரு 'கிளிக்' பின்னுக்கு எடுங்கள். பெடலை ஒருமுறை பலமாக மிதித்து ஷூக்களைத் தத்தம் இடத்தில் அமரவிட்டு, மீண்டும் பாருங்கள். பின்பு வாகன நெரிசலில்லாத நீண்ட வீதியில், 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 15க்குக் குறையும்வரை அளவாகப் பிறேக் பிடித்து, விட்டு, அரைக் கிலோமீற்றர் ஆறவிட்டு, மறுபடியும் செய்யுங்கள். பத்துத் தடவையாவது இப்படிச் செய்யும்போது லைனர் ட்ரம்மோடு பழகும். மணம் வரும்வரை விரட்ட வேண்டாம். இறுதியில் கையை ட்ரம்மின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். முன் சில்லுகள் இரண்டும் ஒரே அளவு சூடாகவும், பின்னவை அவற்றைவிடக் குறைவான சூட்டோடும் இருந்தால் வேலை சரியாக முடிந்திருக்கிறது.

சேர்வோ பற்றி என் கருத்து இதுதான். சேர்வோ காலின் பலத்தைப் பெருக்கும். பிழையாகப் பூட்டிய ஷூவைத் திருத்தாது. இன்று அதைப் போட்டால் கார் ஓரளவு நிற்கும், உங்கள் மெக்கானிக்கும் நீங்களும் திருப்தியடைவீர்கள். அந்தப் பிழையோ உள்ளேயே இருக்கும். மலைச்சரிவில் சூடேறி லைனரின் உராய்வு விழும்போதுதான் அது வெளியே வரும். டிஸ்க் பிறேக்குக்கு மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. பிரித்தானியாவில் மைனர் வைத்திருப்பவர்கள் பலர் மொறிஸ் மரீனாவின் டிஸ்க்குகளை முன்பக்கத்தில் பொருத்தி ஓடுகிறார்கள். ஆனால் உங்கள் காரின் 948 சிசி என்ஜினுக்கும் நீங்கள் ஓடும் வேகத்துக்கும் அது அவசியமில்லை. 1962இல் என்ஜினை 1098 சிசி ஆக்கியபோது கம்பனியே முன் ட்ரம்மை 8 அங்குலமாக்கியது. மேம்படுத்தத்தான் வேண்டுமென்றால், அந்தப் பிற்காலத்து முன் பிறேக் தொகுதி ஒன்றைத் தேடிப் பிடிப்பதே இந்தக் காருக்கு இயல்பான வழி.

நுவரெலியாப் பயணத்தைக் கைவிட வேண்டாம். திருத்தி, ஊரில் ஒரு மாதமாவது ஓடிப் பார்த்த பின் போங்கள். யாழ்ப்பாணத்தின் சமதரை பிறேக்கின் குறையை மறைத்துவிடும். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலிருந்து றம்பொடைப் பக்கமாக இறங்கும்போதுதான் உண்மையான பரீட்சை. மைனரின் குழாய் அமைப்பு ஒற்றைச் சுற்று: ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சில்லுகளுக்கும் பிறேக் போய்விடும், பின்பு ஹான்ட் பிறேக் மட்டுமே மிச்சம். ஆகவே அதன் கேபிளும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஒயில் புதிதாக இருக்கட்டும். டொட் 4 என்ற தரத்துப் பிறேக் ஒயில் உலர்ந்த நிலையில் 230 பாகை செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும். நம் காலநிலைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. எந்தக் கியரில் அந்தச் சரிவில் ஏற முடியுமோ அதே கியரில் இறங்குங்கள். மைனரின் முதலாம் கியரில் சிங்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் அமைப்பு) இல்லாததால் ஓட்டத்தில் அதற்கு மாறுவது கடினம்; சரிவு தொடங்கும் முன்பே கியரைத் தீர்மானித்துவிடுங்கள்.

பிஸ்ரன்கள் சரியான திசையைத்தான் பார்க்கின்றன என்று தெரியவந்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அப்படியானால் நான்கு ட்ரம்களின் உள்விட்டம், லைனர் ஓரத்திலுள்ள இரண்டெழுத்து, மாஸ்ரர் சிலிண்டரின் உள்விட்டம் ஆகியவற்றோடு, சோக்குப் பதிந்த ஷூக்களின் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.